களைப்பு நோயோடு வாழ்வது: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏதோ ஒரு காய்ச்சல் வந்து போயிருக்கும். காய்ச்சல் போனது, உடம்பு மட்டும் திரும்பி வரவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரியே இருக்கிறது. ஒரு நாள் கொஞ்சம் தெளிவாக இருக்கிறதே என்று வீட்டைத் துடைத்து, துணி துவைத்து வைத்தால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ படுக்கையை விட்டு எழ முடிவதில்லை. ரத்தப் பரிசோதனை எடுத்தால் 'எல்லாம் நார்மல்'. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படி மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தால் இது க்ரானிக் ஃபெடீக் சிண்ட்ரோமாக இருக்கலாம். சுருக்கமாக சி.எஃப்.எஸ்.; மருத்துவ ஏடுகளில் எம்.இ./சி.எஃப்.எஸ். என்று இருக்கும் (எம்.இ. என்பது மயால்ஜிக் என்செஃபலோமைலைடிஸ், இதே நோய்க்கு இன்னொரு பெயர்).

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். இந்த நோயோடு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே நிறையவே அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சல் நோயை விட அதிகமாக என்னைப் படுக்கவைத்தது, அதனால்தான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: இந்த நோயில் எந்த வெளி வேலையும் ஒரு நாள் வேலை கிடையாது. முதல் நாள் ஓய்வு, அடுத்த நாள் வேலை, அதற்குப் பிறகு குறைந்தது இரண்டு நாள் ஓய்வு. இந்த நான்கு நாளும் காலியாக இல்லாவிட்டால் அந்த வேலையை அந்த வாரம் வைத்துக்கொள்ளாதீர்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கணக்கில்தான் நடக்க வேண்டும்.

1. டாக்டரிடம் போகும் முன் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். தினமும் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் படுத்திருந்தீர்கள், உடம்பு பத்துக்கு எத்தனை என்று நான்கு வரி. முடியாத நாளில் வீட்டில் யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

இது ஏன் முக்கியமென்றால், இந்த நோயின் அடையாளமே உழைத்த பிறகு வரும் சரிவு. அது உடனே வராது. பெரும்பாலும் 12 மணி முதல் 48 மணி நேரம் கழித்து வந்து, நாட்களோ வாரங்களோ நீடிக்கும். செவ்வாய்க்கிழமை படுத்ததற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை போன காதுகுத்து என்பது நோட்டில் எழுதிப் பார்த்தால்தான் உங்களுக்கே தெரியும்.

2015-இல் அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட வரையறைதான் இப்போது பல டாக்டர்கள் பார்ப்பது. அதன்படி மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: முன்பு செய்த வேலைகளில் பெரிய குறைவும் அதோடு கடும் களைப்பும் ஆறு மாதத்துக்கு மேல் இருப்பது, உழைப்புக்குப் பின் சரிவு, தூங்கியும் தெளியாத தூக்கம். இவற்றோடு மூளை மந்தமாவது (படித்தது மனதில் நிற்காமல் போவது, பேச்சில் வார்த்தை சிக்குவது), அல்லது நின்றால் மோசமாவது, இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். பிரிட்டனில் 2021-இல் வந்த வழிகாட்டுதல் மூன்று மாதத்திலேயே நோயை உறுதிசெய்யலாம் என்கிறது. ஆகவே ஆறு மாதம் ஆகட்டும் என்று ஓய்வைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு வாரக் குறிப்பை ஒரே பக்கமாகச் சுருக்குங்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன காய்ச்சல் (டெங்கு, கோவிட், வேறெதுவும்), முன்பு என்ன செய்தீர்கள், இப்போது என்ன முடிகிறது, இவ்வளவுதான். ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஒரு பக்கம் படிக்கப்படும், பத்துப் பக்கம் மேசையிலேயே கிடக்கும்.

2. யாரைப் பார்ப்பது

பொது மருத்துவம், அதாவது ஜெனரல் மெடிசின். களைப்புக்கென்று தனித் துறையைத் தேடி அலைய வேண்டாம். கடலூரில் மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி. புதுச்சேரியில் கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர், ஊருக்குள் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி.

என்னைக் கேட்டால், பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகாதீர்கள். உங்களை ஏற்கெனவே தெரிந்த பக்கத்து டாக்டரிடம் ஆரம்பித்து, அடிப்படைப் பரிசோதனைகளை வீட்டுக்குப் பக்கத்திலேயே முடித்து, ஒரு ஃபைலாக்கிக்கொண்டு அப்புறம் போங்கள். நாலு முறை போக வேண்டியது ஒரு முறையிலோ இரண்டு முறையிலோ முடியும். எழுந்து போகவே முடியாத நிலையில் இருப்பவர்கள் இ-சஞ்சீவனி என்ற அரசின் இணைய மருத்துவச் சேவையில் ஃபோன் வழியாக இலவசமாக டாக்டரிடம் பேசலாம்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் 'ரொம்ப டயர்டா இருக்கு' என்று ஆரம்பிக்காதீர்கள். அதையே அன்று காலை முதல் ஐம்பது பேர் அவரிடம் சொல்லியிருப்பார்கள். 'முன்னாடி தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தேன், இப்போ குளித்துவிட்டு வந்தால் படுக்க வேண்டியிருக்கு, ஏதாவது கூடுதலாகச் செய்தால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியலை' என்று சொல்லுங்கள். 'எல்லாம் மனசுதான்' என்று ஒருவர் சொல்லி அனுப்பினால், அது எனக்கும் நடந்தது, அதோடு விட்டுவிடாமல் இன்னொருவரைப் பாருங்கள்.

3. பரிசோதனைகளும் செலவும்

சி.எஃப்.எஸ்.ஸைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. எடுக்கும் பரிசோதனைகள் எல்லாம் வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்யத்தான். அதனால் 'நார்மல்' என்று வந்தால் மனம் உடைய வேண்டாம், அதுவும் ஒரு படிதான். பொதுவாகக் கேட்பவை: முழு ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., சர்க்கரைக்கு ஹெச்.பி.ஏ.1.சி., கல்லீரல், சிறுநீரகம், ரத்தத்தின் உப்புகள் (சோடியம், பொட்டாசியம்), கால்சியம், இரும்புச்சத்துக்கு ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, சிறுநீர். தசைவலி இருந்தால் தசைப் பாதிப்பைக் காட்டும் சி.கே., ரத்த அழுத்தமும் எடையும் குறைந்துகொண்டே போனால் காலை நேரக் கார்ட்டிசால். நம் ஊரில் காசநோயை விலக்காமல் விடவே கூடாது. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

தனியார் லேபில் இந்தப் பட்டியலை மொத்தமாக எடுத்தால் ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ரூபாய் வரை ஆகலாம், இடத்துக்கு இடம் மாறும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேபைப் பிடியுங்கள். வெறும் வயிற்றில் வரிசையில் நிற்பதே பலருக்குச் சரிவைக் கொண்டுவரும். அரசு மருத்துவமனையில் செலவு மிகக் குறைவு, ஆனால் ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள் என்று இழுக்கலாம். ரிசல்ட்டை வேறு யாராவது வாங்கிவர முடியுமா என்று ரத்தம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. களைப்பு என்றதும் 'ட்ரிப்ஸ் போட்டா சரியாயிடும்' என்பார்கள். குளுக்கோஸ் பாட்டில், சத்து ஊசி, பெயர் எழுதாத பொட்டல மாத்திரை எல்லாம் வரிசையாக வரும். பி12 குறைவு என்று ரிப்போர்ட்டில் இருந்தால் பி12 போடுவது சரி. குறைவே இல்லாமல் வாரா வாரம் ஊசி போடுவதில் காசுதான் போகும். பெயர் தெரியாத மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் தெம்பாகத் தெரியும், பிறகு அதை நிறுத்துவதே தனிப் போராட்டம்.

4. வீட்டிலேயே நின்று பார்க்கும் சோதனை

இதை டாக்டரிடம் போகும் முன்பே செய்து எழுதி வைத்துக்கொண்டால் பேச்சு சட்டென்று வேறு மாதிரி ஆகும். கையில் கட்டும் டிஜிட்டல் பி.பி. மெஷின் வேண்டும், 1,500 ரூபாய் அளவில் கிடைக்கிறது, தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கினாலும் போதும். பத்து நிமிடம் படுத்திருந்து பி.பி.யும் நாடித்துடிப்பும் எழுதுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க, முதுகை மட்டும் சுவரில் சாய்த்து அசையாமல் நில்லுங்கள். ஒவ்வொரு நிமிடமும் எழுத வேண்டும், மொத்தம் பத்து நிமிடம்.

பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு படுத்திருந்ததை விட 30-க்கு மேல் (12 முதல் 19 வயதுக்குள் என்றால் 40-க்கு மேல்) கூடி அப்படியே நின்றாலோ, மேல் பி.பி. 20 புள்ளி குறைந்தாலோ, அதை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் இல்லாமல் செய்யாதீர்கள், மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் அந்த நிமிடமே நிறுத்திப் படுத்துவிடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் செய்யவே வேண்டாம். நிற்பதால் வரும் இந்தப் பிரச்சினைக்கு மருந்தும் வழிகளும் உண்டு. சி.எஃப்.எஸ்.ஸில் கொஞ்சமாவது சரிசெய்யக்கூடிய பகுதி இது என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

5. ஓ.பி. நாளை எப்படிக் கடப்பது

ஜிப்மரை வைத்துச் சொல்கிறேன், மற்ற இடங்களுக்கும் பொருந்தும். மத்திய அரசின் ஆன்லைன் ஓ.பி. பதிவுத் தளத்தில் ஜிப்மரும் இருக்கிறது. ஆதார், மொபைல் எண் இருந்தால் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். ஞாயிறும் மத்திய அரசு விடுமுறை நாட்களும் ஓ.பி. கிடையாது. தமிழ்நாட்டு விடுமுறையை வைத்துக் கணக்குப் போட்டுப் போகாதீர்கள். திங்கட்கிழமையும் விடுமுறைக்கு மறுநாளும் கூட்டம் தாங்காது.

தனியாகப் போகாதீர்கள். கூட வருபவர் வரிசையில் நிற்க, நீங்கள் உட்காரவோ படுக்கவோ செய்வது, இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வாசலில் இறங்கியதும் வீல்சேர் கேளுங்கள். நடக்கத் தெரிந்தவர் வீல்சேரில் உட்கார்ந்தால் யாராவது பார்ப்பார்கள், பார்க்கட்டும். கட்டடத்துக்குக் கட்டடம் நடந்து நீங்கள் செலவழிக்கும் தெம்பு அவர்கள் கொடுத்தது இல்லை.

கடலூரிலிருந்து போகிறவர்களுக்கு, பஸ்ஸில் போனால் காலை நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், நின்றுகொண்டே போய் இறங்கினால் டாக்டரைப் பார்க்கும் முன்பே அன்றைய தெம்பு முடிந்துவிடும். காத்திருப்போடு சேர்த்து வாடகைக் காருக்கு ஏறத்தாழ 1,500 முதல் 2,500 ரூபாய் வரை கேட்பார்கள். வருடத்தில் இரண்டு முறை என்றால் இதற்காகவே ஒதுக்கி வையுங்கள். இந்த நோய்க்கு நான் செய்த செலவுகளில் மனம் உறுத்தாத செலவு இதுதான்.

பையில் இருக்க வேண்டியவை: ஆதாரும் இரண்டு ஜெராக்ஸும், பழைய மருந்துச் சீட்டுகள் தேதி வரிசையில், பரிசோதனை ரிப்போர்ட்கள், அந்த ஒரு பக்கக் குறிப்பு (இரண்டு பிரதி, ஒன்றை டாக்டரிடம் கொடுத்துவிடலாம்), தண்ணீர், சாப்பாடு, மடக்கு ஸ்டூல், தொப்பி, காதில் வைக்கப் பஞ்சு. சத்தமும் வெளிச்சமும் கூடத் தெம்பைத் தின்னும். கிளம்பும் முன் டாக்டரிடம் 'எம்.இ./சி.எஃப்.எஸ்.' என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், சந்தேகம் என்ற அளவில் இருந்தாலும் பரவாயில்லை. பிறகு வரும் எல்லாக் காகித வேலைக்கும் அந்த வரிதான் ஆதாரம்.

6. அளந்து செலவழிப்பது

இதைத்தான் பேசிங் என்கிறார்கள். இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை. வாழ்க்கையின் தரத்தை மாற்றுவது இதுதான். தெம்பு தீர்ந்த பிறகு ஓய்வெடுத்தால் பலனில்லை, தீரும் முன்பே எடுக்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது? நோட்டில் உங்களுடைய மோசமான நாட்களைப் பாருங்கள். அந்த நாளிலும் சரிவு வராமல் என்ன செய்ய முடிந்ததோ அதுதான் உங்கள் அளவு. நல்ல நாளிலும் அதையே செய்யுங்கள், கூட்டாதீர்கள். கேட்கச் சுலபம், ஆனால் நல்ல நாளில் நிறுத்துவது இருக்கிறதே, அதைப் போலக் கஷ்டம் வேறெதுவும் இல்லை. இருபது நிமிட வேலையை நான்காக உடைத்து, நடுவே படுத்து (உட்கார்ந்து ஃபோன் பார்ப்பது ஓய்வு ஆகாது) செய்யுங்கள்.

நாடித்துடிப்பை வைத்தும் அளக்கலாம். ஏழு நாள் காலையில் எழுந்திருக்கும் முன் துடிப்பைப் பார்த்துச் சராசரி எடுங்கள், அதோடு 15 கூட்டுங்கள். சராசரி 72 என்றால் 87. அதைத் தாண்டும்போது உட்காருங்கள். மாடிப்படி ஏறினாலே தாண்டும். அப்படியானால் படியில் பாதியில் உட்கார வேண்டும் என்று அர்த்தம்.

'நடந்தால் தெம்பு வரும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு' என்று நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். மற்ற பல நோய்களுக்கு அது சரி. ஆனால் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குத் தரக்கூடாது என்று பிரிட்டன் தன் 2021 வழிகாட்டுதலில் நீக்கிவிட்டது. பிசியோதெரபிக்கு அனுப்பினால் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

7. வெயில், மின்வெட்டு, புயல்

நம் கடற்கரை வெயிலும் புழுக்கமும் நிற்க முடியாதவர்களை இன்னும் கீழே தள்ளும். மே மாதம் அக்னி நட்சத்திர நாட்களில் ஆஸ்பத்திரி, ஆபீஸ் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், முடிந்தால் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள்.

தண்ணீர் நாளுக்கு 2 முதல் 3 லிட்டர். உப்பு கூட்டினால் சிலருக்கு நிற்பது எளிதாகும், ஆனால் ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் ஆபத்து என்பதால் டாக்டர் சொல்லாமல் கூட்டாதீர்கள். ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது உலக சுகாதார நிறுவன முறைப்படி என்று அச்சிட்ட பொடிப் பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை தண்ணீர் என்று அதிலேயே இருக்கும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானம் அதற்கு மாற்று இல்லை. கால்களை அழுத்திப் பிடிக்கும் நீளச் சாக்ஸ் சிலருக்கு உதவும், நம் வெயிலில் போட்டுக்கொண்டிருப்பது கஷ்டம். வெளியே போகும் நேரத்துக்கு மட்டும் போட்டாலும் சரிதான்.

புயலைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல், இரண்டையும் பார்த்தவர்கள் நாம். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, தண்ணீரைக் குடத்தில் தூக்க வேண்டும். நோயாளி குடம் தூக்கினால் அடுத்த இரண்டு வாரம் போச்சு. அதனால் ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு மாத மருந்து, குடிநீர், சமைக்காமல் சாப்பிட அவல், பொரிகடலை, பேரீச்சை, சார்ஜ் போட்ட பவர் பேங்க் தயாராக இருக்கட்டும். தண்ணீர் தூக்க வருவது யார் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் இப்போதே பேசி வையுங்கள்.

8. வீட்டிலும் விசேஷத்திலும்

குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அடுப்படியில் ஒரு உயரமான ஸ்டூல். இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும், தினமும் மிச்சமாகும் தெம்பு கண்ணுக்குத் தெரியும். வெந்நீர்க் குளியல் பலரை மயக்கத்துக்குக் கொண்டுபோகும். மாவைக் கடையில் வாங்குங்கள், காயை உட்கார்ந்து நறுக்குங்கள், துணி மடிக்காவிட்டால் உலகம் நின்றுவிடாது.

கல்யாணத்தில் வரவேற்பா முகூர்த்தமா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம் என்றால் முகூர்த்த நாள் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்று போகாமல், இரண்டு வாரம் கழித்துப் பொண்ணு மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். மாமியார், நாத்தனார், சித்தப்பாவுக்கெல்லாம் நீங்களே விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், விளக்குவதும் உழைப்புதான். வீட்டில் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும்: 'அவளுக்கு இன்னைக்கு நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும், நாளைக்குத்தான் படுப்பா' என்று ஒரே வாக்கியம் போதும்.

9. பணம், விடுப்பு, சான்றிதழ்

காப்பீடு: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் ஆயுஷ்மான் பாரத்தும் முக்கியமாக அட்மிட் ஆகிச் செய்யும் சிகிச்சைக்கானவை. ஓ.பி. செலவுக்கு அவற்றை நம்ப வேண்டாம். தனியார் பாலிசியில், பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவதும் ஓய்வுக்காக அட்மிட் ஆவதும் விலக்குப் பட்டியலில் இருக்கும். 'அட்மிட் ஆகி எல்லா டெஸ்டும் எடுத்துக்கலாம், க்ளெய்ம் பண்ணிக்கலாம்' என்று யாராவது சொன்னால் முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு): மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கப்படுபவர்களுக்கு (கடலூர் சிப்காட், புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கம் வேலை செய்பவர்கள் கவனியுங்கள்) நோய்க்கால உதவியாக வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் உண்டு. அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். சான்றிதழ் இ.எஸ்.ஐ. டாக்டரிடமிருந்து வர வேண்டும், ஆகவே தனியாரிடம் காட்டினாலும் ஃபைலை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஆரம்பத்திலேயே பதிந்துவிடுங்கள். 91 நாளையும் ஒரேயடியாகத் தீர்த்துவிடாதீர்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் சி.எஃப்.எஸ். பெயர் இல்லை. நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்ற வகை உண்டு. அதன் கீழ் கேட்டுப் பார்க்கலாம், பல சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு இருக்க வேண்டும், முடிவு மருத்துவக் குழுவின் கையில். மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பம் இலவசம். ஃபோட்டோ, ஆதார், மருத்துவ ரிப்போர்ட் போதும். 'வாங்கித் தர்றேன்' என்று காசு கேட்கும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

வேலை இடத்தில் முழு விடுப்பை விட நேர மாற்றத்தை முதலில் கேளுங்கள். டாக்டர் கடிதத்தில் 'ஓய்வு தேவை' என்று பொதுவாக எழுதாமல், தொடர்ந்து நிற்கக் கூடாது, இத்தனை மணிக்கு ஒரு முறை படுக்க வேண்டும், வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

மாதாந்திர மருந்துக்கு மக்கள் மருந்தகம், தமிழ்நாட்டில் முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை கேட்டுப் பாருங்கள். இந்த நோயில் உடம்பு மருந்துகளைச் சட்டென்று தாங்காது, எந்தப் புது மருந்தையும் குறைந்த அளவில் ஆரம்பிக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பற்றிக் கேளுங்கள், வீட்டுக்கே வருவார்கள்.

10. எல்லாவற்றையும் இந்த நோயின் மேல் போடாதீர்கள்

பெயர் கிடைத்த பிறகு வரும் பொறி இது. நெஞ்சு வலி, மயங்கி விழுவது, புதிதாக மூச்சுத் திணறல், கை கால் ஒரு பக்கம் மட்டும் பலமிழப்பது என்றால் உடனே 108. விடாத காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அந்த வாரமே டாக்டர். மனம் இருண்டு வாழவே வேண்டாம் என்று தோன்றினால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பேசவும் தெம்பில்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரை டயல் செய்யச் சொல்லுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை அடிப்படை ரத்தப் பரிசோதனைகளைத் திரும்ப எடுங்கள். ஜனவரியில் வைத்துக்கொண்டால் மழையும் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. பொங்கல் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.